நான் பதியாத வழக்கு

2014 டிசம்பர் கடைசி வாரத்தில், தாலிச் செயினைப் பறிகொடுத்துவிட்டுப் புகார் சொல்ல வந்த ஒரு பெண்ணை, அது எங்கோ தவறி விழுந்துவிட்டது என்று எழுதிக் கொடுக்க வைத்தேன். யாரும் என்னை மிரட்டி இதைச் செய்யச் சொல்லவில்லை. எனக்கு அது கைவந்த வேலை. அதனால் செய்தேன்.

அப்போது நான் தென்மாவட்டம் ஒன்றில், சின்ன ஊர்க் காவல் நிலையத்தில் ரைட்டர். பதவி தலைமைக் காவலர். ஊர் வழக்கில் ஏட்டு. உள்ளே நுழைகிறவர் முதலில் பார்ப்பது வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் பாராவை. அடுத்து என் மேசையை. வந்தவர் இன்ஸ்பெக்டரைப் பார்க்க வேண்டுமா, வீட்டுக்குத் திரும்ப வேண்டுமா என்பது பெரும்பாலும் அந்த மேசையிலேயே முடிவாகிவிடும். சட்டத்தில் அப்படியொரு அதிகாரம் ரைட்டருக்குக் கிடையாது. நடைமுறையில் எனக்கு இருந்தது. அதை நான் விரும்பினேன்.

பேசி அனுப்புவது என்று நாங்கள் சொல்வோம். புகாரோடு வருகிறவரிடம் பேசிப் பேசி, கடைசியில் அவராகவே 'வேண்டாம்யா' என்று எழுந்து போகும்படி செய்வது. நான் அதில் தேர்ந்தவன். குரலை உயர்த்த மாட்டேன். உட்காரச் சொல்வேன். தண்ணீர் கொடுக்கச் சொல்வேன். கோர்ட்டுக்கு எத்தனை முறை அலைய வேண்டியிருக்கும், எதிரி வக்கீல் என்னவெல்லாம் கேட்பான் என்று அக்கறையோடு எடுத்துச் சொல்வேன். 'ரைட்டர் இருந்தா ஸ்டேஷன் அமைதியா இருக்கும்' என்று அதிகாரிகள் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. இப்போது அதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை.

மார்கழி மாதம். விடிவதற்கு முன் பெண்கள் வாசலில் கோலம் போடக் குனிந்திருப்பார்கள். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. பனி வேறு. செயின் பறிப்பவர்களுக்கு அதைவிட வசதியான நேரம் இல்லை. இது தமிழ்நாட்டில் எந்தக் காவலருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்தப் பெண் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். கையில் கோலமாவு காயாமலேயே வந்திருந்தார். கூடவே பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி. பள்ளியில் படிக்கும் அவளுடைய மகனை வைத்து மனு எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். இரண்டு பேர், கறுப்பு மோட்டார் சைக்கிள், பின்னால் இருந்தவன் குரங்குக் குல்லா போட்டிருந்தான், வண்டி எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் இன்னது. எல்லாம் அதில் இருந்தது. பல புகார்களில் நாங்கள் தலைகீழாக நின்றாலும் கிடைக்காத தகவல் அது. ஒரு சிறுவனின் கையெழுத்தில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அவர் கழுத்தில், இடது பக்கம், ஒரு சிவந்த கோடு இருந்தது. சங்கிலி அறுபடும்போது தோலைக் கிழித்த தடம். அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லிவிட முடியும். மறுக்க இன்று யாரும் இல்லை. பார்த்தேன்.

பார்த்துவிட்டுக் கேட்டேன்: "யம்மா, தங்கமா, கவரிங்கா?"

"தங்கந்தான்யா. அஞ்சு பவுன்."

"பில்லு வச்சிருக்கியா?"

"கல்யாணத்துக்கு எங்கப்பா போட்டது. பில்லுக்கு நான் எங்கய்யா போவேன்?"

"வண்டி நம்பரை அந்த இருட்டுல எப்படிப் பாத்த?"

"லைட்டுக் கம்பத்துக்கிட்ட திரும்புனானுவய்யா. அப்பத்தான் பாத்தேன்."

நேரான பதில்கள். ஒன்றிலும் தடுமாற்றம் இல்லை. தடுமாற வைத்தது நான். பில் இல்லாத நகைக்கு வழக்குப் போட்டால் வருமான வரிக்காரன்கூட கேட்பான் என்றேன். அது பொய். அடையாள அணிவகுப்புக்கு ஜெயிலுக்கு வர வேண்டும், அந்த ரவுடிகள் உன் முகத்தைப் பார்ப்பார்கள், வீட்டில் வயசுக்கு வந்த பிள்ளை இருக்கிறதல்லவா என்றேன். அது பயமுறுத்தல். நயமான குரலில் சொன்னதால் பயமுறுத்தல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'காணாமப் போச்சுன்னு எழுதிக் குடு, சி.எஸ்.ஆர். ரசீது தாரேன், நகை கிடைச்சா கூப்பிட்டு விடுறேன்' என்று முடித்தேன். வேறு தாள் கொடுத்தேன். வாசகத்தை நானே சொன்னேன். அந்தச் சிறுவன்தான் அதையும் எழுதினான். எழுதும்போது ஒருமுறை நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

முதல் மனுவை மடித்து என் மேசை இழுப்பறையில் போட்டேன்.

ஏன் செய்தேன்? ஆண்டுக் கணக்கு முடியப்போகிறது. காவல் துறையில் குற்றக் கணக்கு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் புத்தகமும் அந்தக் கணக்குப்படிதான். எஸ்.பி. ஆபீஸ் கிரைம் மீட்டிங்கில் போன வருஷம் எத்தனை, இந்த வருஷம் எத்தனை என்று கேட்பார்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் எல்லார் முன்னாலும் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று திட்டு வாங்க வேண்டும். உடலில் காயம் பட்டுச் செயின் போனால் அது வெறும் திருட்டில் வராது. அப்போதைய தண்டனைச் சட்டப்படி 392, வழிப்பறி. 'ப்ராப்பர்ட்டி கேஸ் கூடிறக் கூடாது, பாத்துக்கங்க' என்று இன்ஸ்பெக்டர் அந்த வாரம் சொல்லியிருந்தார். பாத்துக்கங்க என்றார், அவ்வளவுதான். வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பு என்று சொல்லவில்லை. எந்த அதிகாரியும் அப்படிச் சொல்ல மாட்டார். அவர் சொல்லாமல் விட்ட மீதியைச் செய்து முடிப்பதுதான் என் திறமை. பழியை அவர் தலையில் போட நான் இதை எழுதவில்லை.

சட்டம் தெரியாமலும் செய்யவில்லை. 2013 நவம்பர் 12ஆம் தேதி, லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொல்லியிருந்தது. அமர்வுக்குத் தலைமை தாங்கிய தலைமை நீதிபதி சதாசிவம் ஈரோட்டுப் பக்கத்துக்காரர் என்று நிலையத்தில் பெருமையாகப் பேசிக்கொண்டோம். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், போடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் உரிமை காவல் நிலையத்துக்கு இல்லை என்பது அந்தத் தீர்ப்பு. அதைப் பற்றி வந்த சுற்றறிக்கையைப் படித்துக் கோப்பில் சேர்த்தவன் நான். அந்தக் கோப்பு இருந்த அலமாரி என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

குற்றத்தைப் பதியாமல் விட்டால் புள்ளிவிவரம் மட்டும்தான் பொய்யாகும் என்று பலர் நினைக்கிறார்கள். நிலையத்தில் வேலை பார்த்தவனுக்கு அது எங்கெல்லாம் போய்த் தாக்கும் என்று தெரியும். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் பிரதி மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். மேலதிகாரிகள் கண்ணில் படும். பக்கத்து நிலையங்களுக்கு மைக்கில் தகவல் போகும். கறுப்பு வண்டி, இன்ன இலக்கம் என்று சோதனைச் சாவடியில் நிற்பவன் நோட்டில் ஏறும். அதைவிட முக்கியம் பீட். எந்தத் தெருவில், எந்த நேரத்தில் ரோந்து என்பதைப் பதிவான குற்றங்களை வைத்துத்தான் முடிவு செய்வோம். அந்தத் தெருவில் விடிகாலை நாலரைக்கு ஒரு காவலர் நின்று ரோந்துக்கான பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். மார்கழி முடியும்வரை நின்றிருப்பார். நான் வழக்குப் பதியாததால் அந்தத் தெரு எங்கள் கணக்கில் குற்றமே நடக்காத தெரு. அங்கே யாரும் நிற்கவில்லை.

போகிக்கு முந்தின நாள். அதே தெரு முனை. பெருமாள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர். பின்னால் வந்த மோட்டார் சைக்கிளில் இருந்தவன் செயினைப் பிடித்து இழுத்தான். இந்த முறை செயின் அறுபடவில்லை. அந்த அம்மாவும் விடவில்லை. வண்டி அவரை இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. சாக்கடைத் திண்டில் தலை மோதியபோதுதான் கை விட்டிருக்கிறது.

உயிர் பிழைத்தார். பேச்சு திரும்பவில்லை. வலது கையும் காலும் விளங்கவில்லை. கணவரை முன்பே இழந்தவர். பி.எட். படித்துக்கொண்டிருந்த ஒரே மகள் படிப்பை நிறுத்திவிட்டுத் தாயைப் பார்த்துக்கொண்டார். திருப்பிப் போடுவது, துடைப்பது, சோறு ஊட்டுவது. அவர் அந்தப் படிப்பைத் திரும்பத் தொடவில்லை. அந்த அம்மா பல வருஷம் படுக்கையில் கிடந்து இறந்தார். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நான் விசாரித்துக்கொண்டே இருந்தேன். நேரில் போகாமல், கடைக்காரர்களிடம், கோயில் ஆட்களிடம். அந்தச் செயல்கூட அக்கறையில் வந்தது இல்லை. விஷயம் வெளியே வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளும் பயம்.

சம்பவம் நடந்த காலையில் டி.எஸ்.பி. அந்த இடத்துக்கு வந்தார். சாக்கடைத் திண்டில் இரத்தம் இன்னும் காயவில்லை. ஒரு செருப்பு கிடந்தது. டி.எஸ்.பி. கேட்டார்: "இந்த ஏரியாவுல இதுக்கு முன்னாடி எதும் நடந்துருக்கா?"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அன்றைக்கு அந்தப் பெண் வந்ததைச் சொல்லி அவர் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

"இல்லைங்கய்யா" என்றேன்.

அந்த நொடியில் என் மனதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன். அந்த அம்மாவின் நினைப்பு இல்லை. துறை நடவடிக்கை, சஸ்பென்ஷன், வர வேண்டிய எஸ்.எஸ்.ஐ. பதவி, வீட்டுக் கடன். இவ்வளவுதான் இருந்தது. வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும் நினைவிருந்தது. என் நாக்கில் இருந்தது. சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் மாவட்டம் முழுக்கப் போயிருக்கும். அதை விழுங்கினேன். முதல் தவறைச் சோம்பல் என்றோ, பழக்கம் என்றோ யாராவது இரக்கப்பட்டுச் சொல்லக்கூடும். இதற்கு அப்படி ஒரு பெயரும் கிடையாது. தெரிந்தே, யோசித்தே, குற்றவாளிகளைத் தப்பவிட்டேன்.

அன்று இரவு இழுப்பறையிலிருந்த தாளை எடுத்துக் கிழித்தேன்.

இரண்டு மாதம் கழித்து வேறு மாவட்டத்தில் வாகனச் சோதனையில் அவர்கள் பிடிபட்டார்கள். வண்டியின் கடைசி இரண்டு இலக்கம் அந்தப் பெண் சொன்னவைதான். இடைப்பட்ட நாட்களில் இன்னும் பல பெண்களிடம் பறித்திருந்தார்கள். வாக்குமூலத்தில் 'கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்' என்று எங்கள் ஊர்ச் சம்பவத்தையும் சொல்லியிருந்தார்கள். அதற்கு நேராக 'புகார் ஏதும் இல்லை' என்று குறிக்கப்பட்டது. நகைகளை உருக்கிக் கட்டியாக வைத்திருந்தார்கள். எஃப்.ஐ.ஆர். இருந்தவர்கள் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் தங்கள் பங்கை வாங்கினார்கள். அந்தப் பெண்ணுக்கு எந்த வழக்கும் இல்லை. அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கேட்க அவருக்கு வழியே இல்லாமல் செய்தவன் நான்.

அவர் இழந்தது ஐந்து பவுனோடு நிற்கவில்லை. அவருடைய கணவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அந்தச் சமயத்தில் அந்தப் பெண்ணின் அண்ணன் பழைய ஆட்டோ ஒன்று வாங்கியிருந்தார். செயினை அண்ணனுக்கு அடகு வைக்கக் கொடுத்துவிட்டு நாடகம் ஆடுகிறாள் என்று கணவருக்குச் சந்தேகம். பறித்துக்கொண்டு போனார்கள் என்று இவர் சொல்ல, ரசீதில் தவறி விழுந்ததாக இருக்க, எதை நம்புவது என்று மாமியார் கேட்டிருக்கிறார். ரசீதை மாற்றிக் கொடுங்கள் என்று அவர் மறுபடியும் என் மேசைக்கு வந்தார். உதட்டில் அடிபட்ட வீக்கம். 'நீ எழுதிக் குடுத்ததைத்தானம்மா நான் பதிஞ்சேன்' என்றேன். அன்றைக்கு முதல்முறையாகக் குரலை உயர்த்தினேன். நிலையத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அந்த அண்ணன் தங்கை வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

தெருவும் எங்களிடம் வருவதை நிறுத்திவிட்டது. அடுத்த வருஷம் அதே தெருவில் பூட்டிய வீடு ஒன்றில் கொள்ளை. அதற்கு முன் இரண்டு இரவுகள் அறிமுகமில்லாத ஆட்கள் அங்கே சுற்றியதை ஐந்தாறு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று டீக்கடைக்காரரிடம் கோபமாகக் கேட்டேன். "சொன்னா என்ன ஏட்டய்யா செய்வீங்க? தொலஞ்சு போச்சுன்னு எழுதித் தருவீங்க" என்றார். திட்டவில்லை. டீ ஆற்றிக்கொண்டே சொன்னார். குற்றத் தடுப்பு என்று நாங்கள் எவ்வளவோ கூட்டம் போட்டிருக்கிறோம், நோட்டீஸ் அடித்திருக்கிறோம், கேமரா மாட்டச் சொல்லிக் கடைகடையாக ஏறியிருக்கிறோம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஊர்க்காரன் ஒருவன் தான் பார்த்ததைக் காவல் நிலையத்தில் வந்து சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் அதை நான் இல்லாமல் ஆக்கினேன்.

இவ்வளவு செய்தவன் தன்னை நல்ல காவலர் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான் யாரையும் அடித்ததில்லை. அதுதான் என் பெருமை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போன ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் காவலர்கள் அடித்ததில் இறந்தபோது, நாடே எங்கள் சட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்டது. 'எங்கப்பா கை நீட்டினதே இல்லை' என்று என் மகன் நண்பர்களிடம் சொன்னான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மறுக்கவில்லை.

அந்த நாட்களில்தான் ரேவதி பற்றிய செய்தி வந்தது. அதே சாத்தான்குளம் நிலையத்துத் தலைமைக் காவலர். இரவெல்லாம் அங்கே நடந்ததை விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். தன் கூட வேலை பார்ப்பவர்களுக்கும், தன் அதிகாரிகளுக்கும் எதிராக. அவர் பதவிதான் 2014இல் என் பதவியும். அவரைச் சுற்றி இருந்த ஆபத்தில் நூறில் ஒரு பங்கு எனக்கு அன்று இல்லை. என்னிடம் கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு ஊதிய உயர்வு போயிருக்கும். அதற்கே நான் பயந்தேன். அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஓய்வு பெற்று, பென்ஷன் உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் இதைப் பேசத் துணிகிறேன். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை முதல் சட்டம் மாறியிருக்கிறது. செயின் பறிப்புக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 304 என்று தனிப்பிரிவு வந்துவிட்டது. குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னணு வழியில் அனுப்பிவிட்டு மூன்று நாளுக்குள் வந்து கையெழுத்துப் போடலாம். இவை நல்லவை. அன்றைக்கு இருந்திருந்தால் அந்தப் பெண் என் மேசையைத் தாண்டிப் போயிருக்க முடியும். ஆனால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு பதினான்கு நாள் முதல்கட்ட விசாரணை செய்யலாம் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டம் ஒரு வாசலையும் வைத்திருக்கிறது. என்னைப் போன்ற ஒருவன் கையில் அந்தப் பதினான்கு நாளும் பேசி அனுப்புவதற்கான நாட்களாகிவிடும். எனக்குத் தெரியும். நான் அரை மணி நேரத்தில் செய்தவன். எண்ணிக்கை குறைந்த நிலையம் நல்ல நிலையம் என்று அளக்கிற வழக்கம் இருக்கும்வரை என் மேசை காலியாகாது. 1977இல் அமைந்த தேசிய காவல் ஆணையமே இந்தப் புள்ளிவிவர ஒப்பீட்டைக் கண்டித்து எழுதியிருக்கிறது. இவ்வளவு காலம் கழித்தும் மீட்டிங்கில் அதே கேள்விதான்.

சமீபத்தில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவரும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இருவருக்கும் முன்னால் சொன்னேன். பறித்தது உண்மை, கழுத்தில் காயம் இருந்தது உண்மை, வண்டி நம்பர் சொன்னது உண்மை, விழுந்துவிட்டதாக எழுத வைத்தது நான். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகைக்கு ஈடாகப் பணம் கொண்டுபோயிருந்தேன். அந்தப் பெண் அதைத் தொடவில்லை. "இதை எங்கண்ணன்கிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார். "அவன் பொண்டாட்டி இருக்கும்போது சொல்லுங்க." மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி முன்னால் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, அண்ணன் என்னை வெளியே போகச் சொன்னார். போனேன்.

இன்னொரு வீட்டுக்கு நான் இன்னும் போகவில்லை. படிப்பை நிறுத்திவிட்டுத் தாயைப் பார்த்த அந்த மகளின் வீடு. தெரு முனை வரை போய்த் திரும்பியிருக்கிறேன். பயம்தான். வேறு காரணம் சொன்னால் அது பொய். அந்த அம்மாவுக்கு முன் அதே தெருவில் ஒரு பெண் புகார் கொடுத்தார் என்பதே அந்த மகளுக்குத் தெரியாது. தன் தாய்க்கு நேர்ந்தது கெட்ட நேரம் என்றுதான் இதுவரை நினைத்திருப்பார். அம்மா, அது கெட்ட நேரம் இல்லை. தடுத்திருக்கக்கூடியது. தடுக்க வேண்டிய தகவல் பதினைந்து நாளுக்கு மேலாக என் இழுப்பறையில் கிடந்தது. எந்த அதிகாரியிடம், எந்த நீதிமன்றத்தில் கேட்டாலும் இதைச் சொல்லி நான் கையெழுத்துப் போடுகிறேன்.